ஓசையும் எடையும்

எங்கள் வீட்டு மொட்டைமாடியில், துணி உலர்த்தும் கொடியின் கீழ், ஒரு போர் விமானம் எட்டு மாதங்களாக மூக்கில்லாமற் கிடந்தது. சிறகு முடிந்திருந்தது. வாலும் முடிந்திருந்தது. பச்சையும் மண்ணிறமும் மாறிமாறிப் பூசப்பட்டு, பக்கவாட்டில் வட்டச் சின்னமும் வரையப்பட்டாயிற்று. முகப்பில் இயந்திரத்தைத் தாங்கவேண்டிய ஒட்டுப்பலகை மாத்திரம் ஒரு துளையுமின்றி வெறுமையாக நின்றது. துளையை எங்கே இடுவது என்பது எந்த இயந்திரம் என்பதைப் பொறுத்தது. எந்த இயந்திரம் என்பதை நான் தீர்மானித்திருந்தேன். பின்னர் அத்தீர்மானத்தைக் கைவிட நேர்ந்தது.

கலைப்பீடத்து மாணவனுக்கும் இயந்திரத்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எனக்கு அவ்வுறவு பல்கலைக்கழக வாயிலிலேயே தொடங்கியது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் அயலிலுள்ள குதிரைப் பந்தயத் திடலை அறியாதார் இலர். இன்று அங்கே றக்பி ஆடுகின்றார்கள். பழைய பார்வையாளர் மண்டபம் கடைத்தொகுதியாகி விட்டது. 1942 இல் அத்திடல் ஒரு விமான ஓடுபாதை. அவ்வாண்டு ஏப்ரல் 5 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு காலை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த நூற்றுக்கும் மேற்பட்ட யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அவற்றை எதிர்கொள்ள இரத்மலானையிலிருந்தும் இந்தப் பந்தயத் திடலிலிருந்தும் பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்தன. இரத்மலானை நிலையத்தை யப்பானியர் அறிந்திருந்தனர். குதிரைகள் ஓடும் இடத்தில் விமானங்கள் நிற்பதை அறிந்திருக்கவில்லை. விரிவுரை முடிந்து அப்பக்கமாகப் பேருந்துக்கு நடக்கும்போதெல்லாம், கடைகளின் கண்ணாடிக்கு முன்னால் ஒரு ஹரிக்கேன் உறுமிக்கொண்டு நிற்பதாக எண்ணிப் பார்ப்பேன். எண்ணிப் பார்ப்பது போதாதென்றபோது கட்டத் தொடங்கினேன்.

அன்று துறைமுகத்தில் டெனெடோஸ் என்னும் நாசகாரிக் கப்பலும் ஹெக்டர் என்னும் ஆயுதந்தரித்த வணிகக் கப்பலும் குண்டுக்கு இரையாகின. கொட்டாஞ்சேனையோ துறைமுகத்தின் முதுகிற் சாய்ந்திருக்கும் ஊர். தொண்ணூறைக் கடந்த என் அம்மம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசை கண்டு வெளியே வந்தபோது வானத்தில் வெள்ளி வெள்ளியாக ஏதோ மின்னியதாம். “முதல் கண்டனாங்கள், பிறகுதான் கேட்டது” என்பார். எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஒழுங்கை அவர் மாற்றியதில்லை. அடுத்த நாட்களில் கொழும்பு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அம்மம்மாவின் குடும்பமும் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு கிளிக்கூட்டோடும் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதமேறியது. அவர் நினைவில் நிலைத்தது கேட்டதன் பகுதிதான். மிக்சியின் ஓசை வேறு, நீரிறைக்கும் பம்பியின் ஓசை வேறு, “அது வேறை” என்று இன்றும் சொல்வார். அந்த ‘வேறை’ எது என்று அறியும் ஆவலே என் இயந்திரத் தேர்வைத் தொடக்கத்திலிருந்து பிழையான வழியில் இட்டுச் சென்றது என்று இப்போது தோன்றுகின்றது.

மெய்யான ஹரிக்கேனின் சிறகு நாற்பது அடி. அதனை எட்டில் ஒன்றாகச் சுருக்கினால் ஐந்தடி. அத்தகைய மாதிரி, கட்டுபவனின் கைவண்ணத்தைப் பொறுத்து, மூன்று முதல் மூன்றரைக் கிலோகிராம் நிறுக்கும். தரையில் நிற்பவன் கையிலுள்ள பெட்டியிலிருந்து செல்லும் வானொலி அலைகள் அதன் சுக்கானையும் சிறகு மடிப்புகளையும் அசைக்கும். இவ்வளவும் எந்த மாதிரி விமானத்துக்கும் பொது. போர் விமானத்துக்கு வேறொரு தொல்லை உண்டு: அதன் உருவம் நம் வசதிக்காக அமைந்ததன்று. ஹரிக்கேனுக்கு முதுகு கூன், மூக்குக் குட்டை. எட்டில் ஒன்றாக்கிய மாதிரியில் வால் பாரமாகி விமானம் பின்பக்கம் சாயும். அதைச் சமப்படுத்த மூக்கினுள் ஈயம் வைப்பார்கள். நான் அளந்து பார்த்தபோது ஏறத்தாழ முந்நூறு கிராம் ஈயம் வேண்டியிருந்தது. மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி ஒரு பால்மாத் தகரத்தில் போட்டு வைத்தேன். பறப்பதற்காக ஒவ்வொரு குச்சியையும் மெலிதாகச் சீவிவிட்டு, இறுதியில் ஈயத்தை ஏற்றுவதென்பது மனத்துக்கு ஒப்பவில்லை. பாரம் வேண்டுமென்றால் அது வேலை செய்யும் பாரமாக இருக்கட்டுமே, பாரமான இயந்திரத்தையே வைத்தால் என்ன என்று எண்ணினேன்.

எடையைப் பற்றி ஒரு சொல். அன்று கொழும்பு வானில் ஹரிக்கேன்கள் பட்டபாட்டுக்கு அவற்றின் இயந்திரம் வலுக்குறைந்திருந்தமை காரணமன்று. றோல்ஸ் றோய்ஸ் நிறுவனத்தின் மேர்லின், பன்னிரண்டு உருளைகளும் 27 லீற்றர் கொள்ளளவும் உடையது. ஆயிரம் குதிரைவலுவை எளிதிற் கடப்பது. எதிரே வந்த சீரோ விமானத்தின் இயந்திரம் ஆயிரத்தை எட்டாதது. ஆயினும் சீரோ வெறுமையாக ஏறத்தாழ 1,700 கிலோகிராம்; ஹரிக்கேன் 2,500 கிலோகிராமுக்கு மேல். வலுக்குறைந்த இயந்திரத்தைப் பெற்ற யப்பானிய வடிவமைப்பாளர் உடலிலுள்ள ஒவ்வொரு கிராமையும் குறைத்தார். விமானியைக் காக்கும் கவசத்தையும் விட்டுவிட்டார். அதனால் சீரோ குறுகிய வட்டத்திற் திரும்பியது. அதனோடு சேர்ந்து திரும்ப முயன்ற ஹரிக்கேன் விமானிகள் பலர் மீளவில்லை. இயந்திரத்தைத் தெரிவது எடையைத் தெரிவதுதான் என்று நான் படித்த பாடம் இது. படித்திருந்தும் என் தேர்வில் நான் முதலிற் தேடியது ஓசையை.

எங்கள் ஒழுங்கையின் முனையில், துறைமுகத்தில் பாரந்தூக்கிகளைத் திருத்தும் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கின்றார். ஒழுங்கைப் பிள்ளைகள் அனைவருக்கும் அவர் மாமா. என் நால்வகைத் தேர்வையும் அவர் வீட்டுத் திண்ணையில் வைத்தே ஆராய்ந்தோம்.

ஈரடிப்பு இயந்திரத்தை மாமா ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டார். மலிவு, எளிது, வலுவுண்டு; ஆனால் குளவி போல் இரையும், அதன் புகைப்பெட்டி ஹரிக்கேனின் ஒடுங்கிய மூக்குக்கு வெளியே கொப்புளம் போல் தள்ளிக்கொண்டு நிற்கும். சீரோ போன்ற வட்ட மூக்கு விமானமென்றால் எதையும் உள்ளே மறைக்கலாம். நான் தெரிந்தது அப்படிப்பட்டதன்று.

பெற்றோல் இயந்திரத்தை நிராகரித்தவர் அம்மா. இப்போது பதினைந்து கன சென்ரிமீற்றரிலும் பெற்றோல் இயந்திரங்கள் வருகின்றன. எரிபொருட் செலவும் குறைவு. ஆனால் 2022 இல் அப்பா முச்சக்கரவண்டியோடு இரண்டு இரவுகள் பெற்றோல் வரிசையிற் படுத்திருந்தார். கைத்தொலைபேசியிற் சதுரக் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று பெற்ற காலம் அது. “அந்தப் பெற்றோலை விளையாட்டுக்கு ஊத்தப் போறியோ?” என்று அம்மா கேட்டார். வரிசைகள் மறைந்து நாளாயிற்று. ஒரு நாட் பறப்புக்கு ஒரு கோப்பை பெற்றோலும் ஆகாது. இவ்விரண்டையும் நான் எடுத்துச் சொல்லவில்லை.

எஞ்சியவை நாலடிப்பு இயந்திரமும் மின்மோட்டரும். மாமாவிடம் ஒரு நாலடிப்பு இருந்தது. பல்லாண்டுகளுக்கு முன் கப்பற் பொறியியலாளர் ஒருவரிடமிருந்து வாங்கி, மெழுகுத்தாளிற் சுற்றி, அலுமாரியின் அடித்தட்டில் வைத்திருந்தார். பதினைந்து கன சென்ரிமீற்றர். எழுநூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஈயத்தின் தேவையை அது அறவே நீக்கிவிடும். தள்ளுகோல்களும் வால்வுகளும் வெளியே தெரிய, கைக்கடிகாரத்தைப் பெருப்பித்ததுபோல் இருந்தது. அதன் பக்கத்தில் ஓ.எஸ். என்று பொறித்திருந்தது. 1936 இல் ஒசாக்கா நகரில் ஒகாவா சிகேயோ தொடங்கிய தொழிலகம் அது. மாதிரி விமானத்துக்கான நாலடிப்பு இயந்திரத்தை 1976 இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அதுவே. சீரோவோடு பொருதிய விமானத்தின் மூக்கில் ஒசாக்கா இயந்திரம்! மாமாவுக்கு அடக்கமாட்டாத சிரிப்பு. சீரோவின் இயந்திரத்தை வார்த்த நகாஜிமா நிறுவனமே பிற்காலத்தில் சுபாரு மோட்டார்களைச் செய்யும் நிறுவனமாயிற்று என்று நான் என் பங்குக்குச் சொன்னேன்.

நாலடிப்பின் ஓசை மெய்யான போர் விமானத்தை ஒத்தது என்று இத்துறையினர் அனைவரும் சொல்வர். ஏன் என்று ஒரு மாலை முழுவதும் கணக்குப் பார்த்தேன். ஒற்றை உருளையுடைய ஈரடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்றென்றால் வினாடிக்கு 200 வெடிப்பு. நாலடிப்பு இரு சுற்றுக்கு ஒருமுறையே வெடிக்கும். 9,000 சுற்றில் வினாடிக்கு 75. மேர்லினோ 3,000 சுற்றில் வினாடிக்கு 300 வெடிப்பு. இந்தக் கணக்கின்படி ஈரடிப்பல்லவா மெய்க்கு அண்மையது? திகைத்துப் போனேன். பிறகுதான் விசிறி நினைவுக்கு வந்தது. மேர்லினின் சுழற்சியைப் பற்சில்லுகள் பாதிக்கும் கீழாகக் குறைத்தே விசிறிக்குக் கொடுக்கின்றன. விசிறிக்கு மூன்று அலகுகள். எனவே வினாடிக்கு அறுபதுக்குச் சற்று மேலான அறைகள் காற்றில் விழுகின்றன. தூரத்தில் நிற்பவன் நெஞ்சில் உணர்வது அதனையே. நாலடிப்பின் எழுபத்தைந்து அதற்கு உறவுமுறை. கணக்குத் தாளோடு மாமாவிடம் ஓடினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “கணக்குச் சரி தம்பி. உனக்கு வேணுமெண்டது பிளேனோ, சத்தமோ?” என்றார். சத்தந்தான் என்று அவரிடம் சொல்ல வெட்கமாயிருந்தது.

எரிபொருள் தேடுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் கலந்ததே இவ்வியந்திரத்தின் உணவு. ஆமணக்கெண்ணெய் எந்த நாட்டு மருந்துக்கடையிலும் கிடைக்கும். சிறுவயதில் அதை எனக்குப் பருக்கிய அம்மம்மாவுக்கு அது இயந்திரத்துக்குமாகும் என்பதிற் பெருமிதம். மெதனோல் அப்படியன்று. குடித்தாற் கண்ணையும் உயிரையும் பறிக்கும் பொருளாதலால் விற்பவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்து ஆயிரம் கேள்வி கேட்பர். “விமானத்துக்கு” என்று ஒரு தமிழ் இளைஞன் கொழும்பிலே சொல்லும் விடை எப்படி ஏற்கப்படும் என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, மொட்டைமாடியில் மேசையொன்றின் விளிம்பில் இயந்திரத்தை இறுக்கிப் பூட்டினோம். மாமா விசிறியைச் சுண்டினார். இரண்டு தடவை ஒன்றுமில்லை. மூன்றாந் தடவை இயந்திரம் பின்பக்கமாக உதைத்தது. நாலடிப்புக்கு இந்தக் குணம் உண்டு: எரிபொருள் கூடிவிட்டால் சுழல வேண்டிய பக்கத்துக்கு மாறாக ஒரு வெடி வெடித்து விசிறியையே கழற்றி எறியும். ஒழுங்கையின் இரு மதில்களுக்கிடையே அந்த வெடி பத்து மடங்காயிற்று. புறாக்கள் எழும்பின. விசிறியை மீண்டும் முடுக்கி, ஊசியைச் சற்று மூடி, மறுபடி சுண்டினார். இம்முறை பற்றிக்கொண்டது. ஆழ்ந்த, உருண்ட, தாளமுள்ள ஓசை. ஆமணக்கெண்ணெய்ப் புகையின் இனிய மணம் துணிகளுக்கிடையே படர்ந்தது. நான் எட்டு மாதங்களாகக் காத்திருந்த ஓசை அது. அப்போது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்கமாட்டேன்.

யாரேனும் கேட்கின்றார்களா என்று மதிலால் எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா சந்தைப் பையோடு ஒழுங்கையின் நடுவிலிருந்து ஓரமாக ஒதுங்கி, மதிலோடு மதிலாகக் குந்தியிருந்தார். மகனுடைய தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தார். பையிலிருந்து உருண்ட வெங்காயங்கள் வடிகால் வரை போயிருந்தன. நான் கையைக் காட்ட, மாமா இயந்திரத்தை நிறுத்தினார். அக்கா மெல்ல எழுந்து, மேலே நோக்காமல், வெங்காயங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் இட்டுக்கொண்டு உள்ளே சென்றார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

2019 ஏப்ரல் 21 ஆந் திகதி, அதுவும் உயிர்த்த ஞாயிறு, அவருடைய தங்கை அந்தோனியார் கோயிலுக்குப் பூசைக்குச் சென்றவர். எனக்கு அப்போது பதினேழு வயது. பல் துலக்கிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு அம்மம்மாவின் ஒழுங்கு மாறி நடந்தது. முதலிற் கேட்டோம், காண்பதற்குப் பிறகுதான் ஓடினோம். ஒழுங்கையில் அன்று யார் எங்கே நின்றார்கள் என்பது எனக்கு வீடு வீடாகத் தெரியும். தெரிந்திருந்தும் மேசையில் இயந்திரத்தைப் பூட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை. வினாடிக்கு எழுபத்தைந்து என்ற கணக்கு நினைவில் இருந்தது.

சிறிது நேரத்தில் அம்மா மேலே வந்து, காயாத துணிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கீழே சென்றார். அன்றிரவு சோறு போடும்போதுதான் பேசினார். 2008 ஒக்டோபர் 28 இரவு களனிதிஸ்ஸ மின்நிலையத்தின்மீது புலிகளின் விமானம் குண்டு வீசியபோது நகரமெங்கும் விளக்கை அணைத்துவிட்டார்கள். வானமெல்லாம் சூட்டு வெளிச்சம். என்னைக் கட்டிலுக்கடியிற் தள்ளிவிட்டுத் தான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாராம். “அது சின்ன எஞ்சின்தானே. கேட்குதோ கேட்குதோ எண்டு விடியுமட்டும் கிடந்தனான்” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அம்மம்மாவின் தீர்ப்பையும் சொல்லிவிட வேண்டும். காது மந்தமென்பதால் அவர் ஒருவர்தான் அன்று பதறாதவர். கீழே கதிரையில் இருந்தபடி, “இதோ அந்தச் சத்தம்? இது பழைய மோட்டசைக்கிள் எல்லோ ராசா!” என்றார். ஒரு மாலை முழுவதும் நான் பார்த்த கணக்கு அத்தோடு முடிந்தது.

மின்மோட்டரை நான் அதுவரை ஏளனமாகவே நோக்கியிருந்தேன். மனமில்லாமலேயே அதன் கணக்கைப் போட்டேன். போர் விமான மாதிரிக்குக் கிலோகிராமுக்கு இருநூறு முதல் இருநூற்றைம்பது வாற்று வரை போதும்; என்னுடையதற்கு எண்ணூறு. முந்நூறு கிராம் மோட்டர் அதைத் தரும். ஐந்து கலங்களைக் கொண்ட லிதியம் பற்றரி அரைக் கிலோகிராமுக்குச் சற்று மேல். இரண்டையும் மூக்கில் வைத்தால் நாலடிப்பும் அதன் எரிபொருட் தாங்கியும் சேர்ந்த எடை ஏறக்குறைய வந்துவிடுகின்றது, ஈயம் வேண்டியதில்லை. எரிபொருள் பறக்கப் பறக்கக் குறைந்து சமநிலையை மாற்றும், பற்றரி அப்படிச் செய்யாது. பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவும் மோட்டருக்கே இயல்பு அதிகம். ஆகவே தோற்றத்தில் மெய்யான ஹரிக்கேனுக்கு அதுவே நெருக்கம். ஏழெட்டு நிமிடம் பறக்கலாம். குறை சொல்வதற்குத் தேடித்தேடிப் பார்த்தேன். ஓசையின்மை தவிர வேறு பெரிய குறை இல்லை. மேர்லினின் ஓசையைப் பதிவுசெய்து விமானத்தினுள் ஒலிபெருக்கி வைத்து ஒலிக்கச் செய்வாரும் உளர் என்று நண்பனொருவன் சொன்னான். அது எனக்கு உடன்பாடில்லை.

பற்றரி வந்து சேர்ந்த விதம் வேடிக்கை. லிதியம் பற்றரிகள் தீப்பற்றக்கூடியவை என்பதால் அவற்றைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது 2016 முதல் உலகெங்கும் தடை. விமானத்துக்கான பற்றரி விமானமேற முடியாது. அது கப்பலில் வந்தது. பல வாரங்கள் கடலிற் கிடந்து, என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தாற் தெரியும் பாரந்தூக்கிகளில் ஏதோ ஒன்றினால் இறக்கப்பட்டது. தன் கையாற் திருத்திய பாரந்தூக்கியாக இருக்கும் என்று மாமா சாதிக்கின்றார்.

நாலடிப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அதன் உள்ளுறுப்புகளுக்கு எண்ணெய் விட்டு, பழைய மெழுகுத்தாளிலேயே சுற்றி, அலுமாரியில் வைத்தார். ஆமணக்கெண்ணெய் மணம் என் சட்டையொன்றிலிருந்து இன்னும் போகவில்லை. அதை நான் தோய்க்கப் போடவுமில்லை. எதிர்வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தேநீர் தந்தார். மகன் விமானத்தைப் பார்க்க வேண்டுமென்று அடம் பிடிப்பதாகச் சொன்னார். இப்போது அவன் நாள்தோறும் மாடிக்கு வந்து மோட்டரின் விசிறியைக் கையாற் சுற்றிவிட்டுப் போகின்றான்.

விமானம் இன்னும் பறக்கவில்லை. 2019 குண்டுவெடிப்புகளையடுத்து ஆளில்லா வானூர்திகள் தடைசெய்யப்பட்ட காலத்திலிருந்தே இத்தகையவற்றைப் பறக்கவிடுவோர் அனுமதி பற்றி மிகக் கவனமாக இருக்கின்றார்கள். நானும் கடிதம் எழுதிக் காத்திருக்கின்றேன். சிறகு இரண்டாகக் கழலும்படி கட்டியது நல்லதாயிற்று. பழைய படுக்கை விரிப்பிற் சுற்றி முச்சக்கரவண்டியில் நகருக்கு வெளியே ஏதேனும் வெட்டவெளிக்குக் கொண்டுபோகலாம்.

நேற்று மாலை மாமா வந்தார். பற்றரியை உள்ளே வைத்து மூடச் சொன்னார். சிறகின் அடியில், முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் நாலிலொரு பங்கு தள்ளி, இரு பக்கமும் இரு விரல்களை வைத்து விமானத்தை மெல்லத் தூக்கினார். ஹரிக்கேன் அவர் விரல்நுனியில் நின்றது. வால் அசைந்து, மூக்குச் சற்றே தாழ்ந்து, அப்படியே நின்றது.

“ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளி வை” என்றார்.